வாயில் படக்கூடாது, வயிற்றில் பட வேண்டும்

எந்தக் கடைக்குப் போனாலும் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. புதுக் கண்ணாடி பாட்டில் இரண்டு கைக்குக் கிடைத்தால், ஒன்றின் வயிற்றை இன்னொன்றின் வயிற்றோடு ஒட்டி மெல்லத் தேய்த்துப் பார்ப்பேன். சோப்புத் தண்ணீர் தடவியது போல வழுக்கிக்கொண்டு போனால், எங்கோ ஒரு ஆலையில் யாரோ தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார் என்று சந்தோஷமாகத் திருப்பி வைத்துவிடுவேன். கிறீச்சென்று பிடித்தால் மனசு கேட்காது. போன வாரம் எங்கள் தெருமுனைக் கடையில் அப்படித் தேய்த்தபோது கடைக்கார அம்மா, "என்ன தம்பி பண்றீங்க, ஒடஞ்சிடப் போவுது" என்றார். "வழுக்குற பாட்டில் அவ்வளவு சீக்கிரம் ஒடையாதும்மா" என்றேன். அவர் நம்பவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

நான் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்ப டிப்ளமோ படித்தவன். படித்து முடித்ததும் ஒரு பாட்டில் ஆலையில் சேர்ந்தேன். இன்று வரை ஆலைகள் மாறியிருக்கின்றன, வேலை மாறவில்லை. பாட்டில் ஆலையை இரண்டாகப் பிரிப்பார்கள். கண்ணாடி உருகி, அச்சில் ஊதப்பட்டு, சூட்டோடு வெளியே வருகிற பக்கம் ஹாட் எண்ட். ஆறி, சோதனை முடிந்து, கட்டப்படுகிற பக்கம் கோல்ட் எண்ட். நடுவில் லெர் என்கிற நீண்ட ஆற்றும் அடுப்பு. என் இடம் ஹாட் எண்டின் கடைசி மூலை. மெஷினுக்கும் லெருக்கும் நடுவே ஓடும் கன்வேயரின் மேல் கவிழ்ந்து நிற்கிற, இரண்டு முனையும் திறந்த ஒரு சின்னச் சுரங்கம். அதை ஹூட் என்போம். பாட்டில் அதற்குள் நுழைந்து வெளியே வர இரண்டு மூன்று விநாடிதான் ஆகும். அந்த நேரத்துக்குள் அதன் உடம்பில் டின் ஆக்சைடு, அதாவது வெள்ளீய ஆக்சைடு, ஒரு தோலாகப் படிய வேண்டும்.

ஏன் இந்தத் தோல் என்று சேர்ந்த புதிதில் எனக்கும் புரியவில்லை. கண்ணாடி கெட்டியான பொருள்தானே, அதற்கு எதற்கு மேல்பூச்சு?

அச்சிலிருந்து வெளியே வந்த அந்த நொடியில் கண்ணாடி அசாத்திய பலம் கொண்டது. அதன் பலவீனம் உள்ளே இல்லை, தோலில் இருக்கிறது. கன்வேயர் கம்பியில் உரசினாலும், பக்கத்துப் பாட்டிலோடு இடித்தாலும், கண்ணுக்கே தெரியாத கீறல் விழும். இழுப்போ அழுத்தமோ வரும்போது அந்த விசை முழுவதும் கீறலின் நுனியில் போய்க் குவியும். அங்கிருந்துதான் விரிசல் ஓடும். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கிரிஃபித் என்ற பொறியாளர், கண்ணாடியை மெல்லிய இழைகளாக இழுத்து முறித்துப் பார்த்து இதை விளக்கினார். இழை மெலிய மெலிய அதன் பலம் கூடியது. மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடம் ஏது? அவருடைய கட்டுரை அச்சானது 1921-இல். நூறு வருடம் தாண்டியும் எங்கள் வேலை அந்தக் கட்டுரையின் மேல்தான் நிற்கிறது. கீறல் விழாமல் பார்த்துக்கொள். மற்றதைக் கண்ணாடி பார்த்துக்கொள்ளும்.

கழுவித் திரும்பத் திரும்ப நிரப்புகிற பழைய சோடா பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். தோள்பட்டையிலும் அடிவயிற்றிலும் வெள்ளை வளையமாகத் தேய்ந்திருக்கும். பாட்டிலும் பாட்டிலும் உரசி உரசி வந்த காயம் அது.

சரி, வேலைக்கு வருவோம். பாட்டிலை ஊதி உருவாக்குகிற ஐ.எஸ். மெஷினில் உருகிய கண்ணாடித் துண்டு, நாங்கள் காப் என்று சொல்வது, ஏறத்தாழ 1,100 டிகிரி செல்சியஸ் சூட்டில் விழும். முதல் அச்சில் அரைகுறை உருவம், இரண்டாவது அச்சில் முழு உருவம். இடுக்கி தூக்கிக் கன்வேயரில் வைக்கும்போது இரவு ஷிப்டில் பார்த்தால் செக்கச்செவேலென்று இருக்கும். ஹூட் வரை வருவதற்குள் சிவப்பு மங்கி, 500-லிருந்து 600 டிகிரிக்குள் நிற்கும். எங்களுக்கு வேண்டியது அந்தச் சூடுதான். ஹூட்டின் இரண்டு பக்கச் சுவரிலும் நீளவாட்டில் பிளவுகள் உண்டு. அவற்றின் வழியாக ஒரு ஆவியை ஊதுகிறோம். மோனோபியூட்டைல் டின் டிரைகுளோரைடு என்ற திரவத்தின் ஆவி. அந்தப் பெயரை ஆலையில் யாரும் முழுசாகச் சொல்வதில்லை, எம்.பி.டி.சி.தான். சொட்டுக் கணக்கில் பம்ப் அனுப்பும், உலர்ந்த காற்று சுமந்துகொண்டு போகும். சுடுகிற கண்ணாடியைத் தொட்டதும் அந்த மூலக்கூறு உடையும். டின், ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்ளும். குளோரின், ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையாகக் கிளம்பும். தனியாக உலை வேண்டாம், கூடுதல் நெருப்பு வேண்டாம். பாட்டில் பிறக்கும்போதே கொண்டுவந்த சூடே போதும். இத்தனை வருடத்துக்கு அப்புறமும் எனக்கு இதில் ஒரு வியப்பு மிச்சம் இருக்கிறது.

படிகிற தோலின் கனம் சுமார் 10 நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமனை ஏழாயிரம் எட்டாயிரமாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது.

முன்பு பல இடங்களில் இதற்கு டின் டெட்ராகுளோரைடைப் பயன்படுத்தினார்கள். மூடியைத் திறந்த மாத்திரத்தில் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைப் புகை கக்கும் திரவம் அது. 400 வருடத்துக்கு முன் ஜெர்மனியில் வாழ்ந்த லிபாவியஸ் என்ற வேதியியலாளரின் பெயரால் அதை 'லிபாவியஸின் புகையும் திரவம்' என்றே அழைத்தார்கள். எம்.பி.டி.சி. அந்த அளவுக்கு முரடு இல்லை. ஆனால் அதுவும் ஈரத்துக்கு எதிரி. ஐப்பசி அடைமழையில் ஒருமுறை காற்று உலர்த்தும் கருவி பழுதாகி, குழாய்க்குள்ளேயே வெள்ளை மாவாகப் படிந்து அடைத்துக்கொண்டது. குழாயைக் கழற்றித் தட்டினால் கோலமாவு மாதிரி கொட்டியது. கோட்டிங் போக வேண்டிய பாட்டில்கள் ஒரு மணி நேரமாகச் சும்மா போய்க்கொண்டிருந்திருக்கின்றன. பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை.

அந்த அமிலப் புகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹூட்டிலிருந்து உறிஞ்சும் குழாய் வழியாக ஸ்க்ரப்பருக்குப் போய், அங்கே கழுவப்பட்ட பிறகுதான் அது வெளியே போக வேண்டும். உறிஞ்சல் கொஞ்சம் குறைந்தாலும் மூக்கில் சுருக்கென்று ஏறும், தொண்டை கரகரக்கும். நான் பார்த்த ஒரு ஆலையில் ஹூட்டுக்கு மேலே இருந்த கூரைத் தகடும் போல்ட்டும் மற்ற இடத்தைவிடச் சீக்கிரமாகவே அரித்துப் போயிருந்தன. இரும்புக்கே அந்தக் கதி என்றால் நுரையீரல் என்ன ஆகும்? புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் காட்டுவது பம்ப்பை இல்லை, உறிஞ்சும் ஃபேனைத்தான். மாஸ்க் வேர்க்குது என்று கழற்றினால் கோபப்படுவேன். அந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

இன்னொன்று. டின் ஆக்சைடு பூசினால் பாட்டில் வழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், அதுதான் இல்லை. டின் மட்டும் பூசிய இரண்டு பாட்டிலைத் தேய்த்தால் முன்னைவிட மோசமாகப் பிடிக்கும். வழுக்கலைத் தருவது இரண்டாவது பூச்சு. லெரில் மெல்ல மெல்ல ஆறி, 100 டிகிரி பக்கம் வெளியே வரும்போது பாலித்தீன் மெழுகைத் தண்ணீரில் கலந்து தெளிப்பார்கள். தண்ணீர் ஆவியாகிப் போகும், மெழுகு நிற்கும். வெறும் கண்ணாடியில் அந்த மெழுகு சரியாக ஒட்டாது, ஈரம் பட்டால் விட்டுப்போகும். டின் ஆக்சைடு அடியில் இருந்தால்தான் பிடித்துக்கொள்ளும். சுவருக்குப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, அப்புறம் பெயிண்ட் அடிக்கிறோம் இல்லையா? நான் அடிக்கிறது பிரைமர். கோல்ட் எண்டில் சாய்மேசை ஒன்று இருக்கும். இரண்டு பாட்டிலைப் படுக்கவைத்து, மேலே ஒன்றை வைத்து மேசையை மெல்லச் சாய்ப்பார்கள். வெறும் பாட்டில் என்றால் 30 டிகிரி பக்கம் சாய்த்த பிறகுதான் மேலே உள்ளது நகரும். இரண்டு பூச்சும் சரியாக இருந்தால் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குள்ளேயே வழுக்கி விழும்.

தோலின் கனத்தை அளக்கவும் கருவி உண்டு. டின் ஆக்சைடு கண்ணாடியைவிட அதிகமாக ஒளியைத் திருப்பி அனுப்பும். பாட்டில் மேல் ஒரு துளி திரவம் தடவி, கருவியை ஒட்டிவைத்தால், திரும்பி வந்த ஒளியைக் கணக்குப் போட்டு ஒரு எண் காட்டும். அதன் அலகு சி.டி.யு. உடம்பில் முப்பது நாற்பது இருந்தால் எங்களுக்கு நிம்மதி. ஒரே இடத்தில் அளந்துவிட்டு நகரக்கூடாது. பாட்டில்கள் வரிசையாகப் போவதால் சுவரைப் பார்த்த பக்கத்தில் அதிகம் படியும். முன்னாலும் பின்னாலும் அடுத்த பாட்டில் மறைப்பதால் குறைவாகப் படியும். நாலு பக்கமும் திருப்பித் திருப்பி அளக்க வேண்டும்.

கனம் மிகுந்துபோனால் என்ன ஆகும் என்பதை ஒரு இரவு ஷிப்டில் பார்த்தேன். கன்வேயரில் ஏதோ இடறி, பாட்டில் ஒன்று சாய்ந்து ஹூட்டுக்குள் ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டது. மற்றவை அதை உரசாமல் கடந்து போய்க்கொண்டிருந்தன. பத்து நிமிடம் கழித்துக் கம்பியால் இழுத்தேன். மயில் கழுத்து நிறம். நீலமும் பச்சையும் ஊதாவும் திருப்பத் திருப்ப ஓடின. மழைநாளில் ரோட்டுத் தேங்கலில் எண்ணெய் சிந்தினால் தெரிகிற அதே வித்தைதான். தோலின் மேல்புறத்திலும் அடிப்புறத்திலும் திரும்பிய ஒளி ஒன்றோடொன்று கலந்து நிறமாகிறது. எங்கள் சீனியர் அண்ணன் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குன்னே பூசி வித்தவங்க இருக்காங்க தம்பி" என்றார்.

அப்புறம் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்து வில்லியம்ஸ்டவுனில் ஃபென்டன் என்ற கண்ணாடி நிறுவனம் 1907-இல் இதையே விற்பனைச் சரக்காக்கியது. அச்சில் அழுத்திய கிண்ணத்தையும் தட்டையும் சூடு ஆறும் முன் உலோக உப்புக் கரைசலைத் தெளித்து வானவில் தோல் ஏற்றினார்கள். அமெரிக்கக் கலைஞர் டிஃபனியின் விலையுயர்ந்த மினுங்கும் கண்ணாடியை வாங்க முடியாத வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. கார்னிவல் கண்ணாடி என்ற பெயர் பல வருடம் கழித்துச் சேகரிப்பாளர்கள் வைத்தது. நம் நாட்டில் ஃபிரோசாபாத்திலும் அந்த வகைக் கண்ணாடி செய்திருக்கிறார்கள். எங்கள் ஆலையில் நிறம் தெரிந்தால் அது குறை. உடைத்து மறுபடி உலைக்குப் போக வேண்டும். அந்த ஒரு பாட்டிலை மட்டும் இன்சார்ஜிடம் கேட்டு வாங்கி வந்தேன். எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் இன்னும் இருக்கிறது. காலை வெயில் பட்டால் என் மகள் அதைத் திருப்பித் திருப்பி வைப்பாள்.

தட்டைக் கண்ணாடியிலும் இதே வேதியியல்தான். உருகிய டின் குளத்தின் மேல் மிதந்து வரும் கண்ணாடி நாடாவின் மேலேயே ஆவியை ஊதி, டின் ஆக்சைடோடு கொஞ்சம் ஃப்ளோரினையும் சேர்த்துவிட்டால், கண்ணாடி மின்சாரம் கடத்தும், அறையின் வெப்பத்தை உள்ளேயே திருப்பும். காட்மியம் டெல்லூரைடு சோலார் தகடுகளின் முன்பக்கக் கண்ணாடிக்கு இப்படி மின்சாரம் கடத்துகிற தெளிந்த தோல் தேவை. அந்த வகைத் தகடு செய்கிற ஃபர்ஸ்ட் சோலார் ஆலை 2024-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் திறக்கப்பட்டபோது, என்னவோ என் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் மாதிரி எனக்கு இருந்தது.

இனி சொல்வது எனக்குக் கஷ்டமான விஷயம்.

சீனியர் அண்ணன் என் முதல் நாளில் சொன்னது ஒன்றுதான். "தம்பி, வயித்துல படணும், வாயில படக்கூடாது. இத மட்டும் மறந்துடாத." பாட்டிலின் வாயில் டின் ஆக்சைடு படிந்தால், அதன் மேல் இறங்குகிற இரும்பு மூடி ஈரத்தில் சீக்கிரமே துருப்பிடிக்கும். அதனால்தான் ஹூட்டின் உயரத்தை ஒவ்வொரு பாட்டிலுக்கும் தனித்தனியாக வைக்கிறோம். ஆவி தோளோடு நிற்க வேண்டும், வாயின் பக்கம் சுத்தமான காற்று மட்டும் ஓட வேண்டும்.

ஒருநாள் மதிய ஷிப்டில் ஜாப் சேஞ்ச். 650 மில்லி உயரப் பாட்டில் முடிந்து 300 மில்லி குட்டைப் பாட்டில் ஏற வேண்டும். ஜாப் சேஞ்ச் என்றால் எல்லோர் கவனமும் மெஷினில்தான். அச்சு மாற்ற வேண்டும், காப் எடை சரிசெய்ய வேண்டும், முதல் ஒரு மணி நேரம் பாட்டில் கோணலும் மாணலுமாக வரும். ஹூட்டைத் தள்ளி ஓரமாக வைத்திருந்தேன். பாட்டில் நேரானதும் திரும்பத் தள்ளிக்கொண்டு வந்து வைத்தேன். ஸ்க்ரூவைச் சுற்றி உயரத்தைக் குறைக்க வேண்டும். குறைக்கவில்லை. பழைய கோட்டிலேயே நிறுத்திவிட்டேன். உடம்பை அளந்தேன், 34 காட்டியது. நல்ல அளவு. வாயை அப்புறம் அளக்கலாம் என்று இருந்தேன். அதற்குள் வேறு வேலைக்குக் கூப்பிட்டார்கள். பதிவேட்டில் வாய் அளவுக்கான கட்டம் காலியாகவே நின்றது. அடுத்த ஷிப்டில் வந்தவர் நான் அளந்து எழுத மறந்தேன் என்று நினைத்துக்கொண்டார். ஆறு மணி நேரம் கழித்து ஒருவர் அளந்தபோது வாயில் 29. நிமிடத்துக்கு 200 பாட்டில் ஓடுகிற லைன். எழுபதாயிரத்துக்கும் மேல். ஒரு பகுதியை நிறுத்திவைத்தார்கள், ஒரு பகுதி அதற்குள் லாரி ஏறிவிட்டது.

ஆறு வாரம் கழித்து, மழைக்காலத்தில், நிரப்புகிற இடத்திலிருந்து புகார் வந்தது. இன்சார்ஜோடு நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. சோதனை மேசையில் இருந்த அக்கா ஒரு பாட்டிலின் மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வாயைச் சுற்றிப் பழுப்பு வளையம். கட்டை விரலால் துடைத்தேன். விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது, பாட்டிலில் பாதி அப்படியே நின்றது. "புள்ளைங்க வாய் வெச்சுக் குடிக்கிறது தம்பி இது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த வரியோடுதான் நான் திரும்பி வந்தேன். இன்சார்ஜ் வழியெல்லாம் வேறு எதைப் பற்றியோ பேசிக்கொண்டு வந்தார், எனக்கு வருத்தம் குறையட்டும் என்று.

அதற்கப்புறம் நான் வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் வாய், பிறகு உடம்பு. வாய் அளவு பத்துக்குக் கீழே வராமல் ஒரு பாட்டிலும் லெருக்குள் நுழையக்கூடாது. தள்ளிவிடுவோம், உலைக்குத் திரும்பட்டும். ஒவ்வொரு பாட்டில் வகைக்கும் ஹூட் உயரத்தை எழுதி ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். பதிவேட்டில் வாய்க் கட்டம் காலியாக இருந்தால் ஷிப்டை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று இப்போதைய ஆலையில் நானே கேட்டு எழுதி ஒட்டவைத்தேன்.

சீனியர் அண்ணன் ஓய்வு பெற்று ஊரோடு போய்விட்டார். பொங்கலுக்குப் போன் செய்தால் முதல் கேள்வி, "வாய் எவ்ளோ வருது?"

நேற்று இரவு இரண்டரை மணிக்கு என் போன் அடித்தது. புதிதாகச் சேர்ந்த பையன். ஜாப் சேஞ்ச் முடிந்து லைன் ஓட ஆரம்பித்துவிட்டதாம். "அண்ணே, உடம்பு 38 வருது, ஓகேவா?" என்றான். வாய் எவ்வளவு என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. மெஷின் இரைச்சல் மட்டும் கேட்டது. "ஒரு நிமிஷம்ணே" என்று போனைக் கீழே வைத்துவிட்டுப் போனான். நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து காத்திருந்தேன். திரும்ப வர நாலு நிமிடம் ஆனது.

"அண்ணே, 21. ஹூட்ட எறக்கிட்டேன். வந்ததெல்லாம் தள்ளிவிட்டுட்டேன்."

மறுபடி அளந்து சொல் என்றேன். இந்த முறை அவன் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அளந்தான். 6.